சாய்ந்த சுடர்கள்

போன வாரம் திருச்சானூரில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தேன். பூக்கடைக்காரி குப்பையோடு ஈரப் பேப்பரையும் சேர்த்துக் கொளுத்திவிட்டாள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் கோயிலும் கூட்டமும் மறந்து, எங்கள் கண்ணாடிப் பட்டறைக்குப் போய்விட்டேன்.

சித்தூரில் லாந்தர் விளக்குக்குக் கண்ணாடி ஊதுகிற பட்டறை அது. என் வீட்டுக்காரர் ஊதுவார். நான் இரும்புக் குழாயைச் சுற்றுவேன். கை நின்றால் பழுத்த கண்ணாடி வெல்லப்பாகு மாதிரி தொங்கிவிடும். அவர் நனைத்த பேப்பர் மடிப்பை உள்ளங்கையில் வைத்து உருவம் பிடிப்பார். எல்லாம் தெலுங்குப் பேப்பர். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். தெலுங்கு எழுத்து கருகுகிற வாசனை மட்டும் நன்றாகத் தெரியும்.

கரண்டு வந்து லாந்தர் விற்காமல் போன சமயம், கட்டடத்துக்குப் பிளான் போடுகிற அம்மா ஒருத்தர் மெட்ராசிலிருந்து வந்தார். திருப்பதியில் கல்யாண மண்டபமாம். கூரையிலிருந்து கண்ணாடிச் சுடர்கள் தொங்க வேண்டும், காற்றில் சாய்ந்தாற்போல. சாயங்காலத்துக்குள் ஒன்றைக் காட்டாவிட்டால் மண்டபத்துக்காரர் கடையில் வாங்கி மாட்டிவிடுவார். பட்டறையை மூட வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரருக்கோ கை சாயவில்லை. தன்னை அறியாமல் பேப்பரால் தடவி நிமிர்த்திவிடுவார்.

“அண்ணே, மறுபடியும் நேரா வந்துடுச்சு” என்றார் அந்த அம்மா.

“நேரா நிக்கவே ஊதின வாயிம்மா இது. குடிச்சவன் மாதிரி நிக்கச் சொன்னா நான் எங்க போறது?”

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அடுத்ததை அவர் ஊதி முடித்ததும் நான் சுற்றுவதை நிறுத்தினேன். சுடரின் நுனி மெல்லச் சரிந்தது.

“இன்னாடி பண்றே, சுத்துடி.” பேப்பரோடு கையை நீட்டினார்.

“தொடாதீங்கண்ணே. அக்கா, போதும், இப்ப திருப்புங்க” என்றார் அந்த அம்மா.

மண்டபத்துக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “பாகுந்தம்மா” என்று தெலுங்கில் மெச்சினார். கூரை முழுக்கச் செய்தோம். பிளான் அந்த அம்மாவுடையது, மூச்சு இவருடையது, சாய்வு என்னுடையது. இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

பட்டறை இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. மண்டபம் இருக்கிறது. போன வாரம் வழியிலேயே ஆட்டோவை நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒரு சுடர்கூட நிமிரவில்லை. அங்கே எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இவர் கழுத்தைச் சாய்த்துத்தான் மேலே பார்ப்பார். “இப்பத்தான் நேரா தெரியுது” என்பார். பக்கத்தில் அப்படிக் கழுத்தைச் சாய்க்க இப்போது ஆளில்லை.