அப்பாவின் தண்ணீர் என் பையில்

அப்பாவைக் கடலுக்கு அழைத்துப் போக ஒரே நிபந்தனையில்தான் ஒத்துக்கொண்டேன்: தண்ணீர் என் பையில் இருக்கும். சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் ஈப்போவில் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் அவர். டாக்டர் சொன்ன அளவை ஒரு சின்னப் போத்தலில் ஊற்றி வைப்பேன். அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. கூடிப் போனால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு தடவை அப்படி ஆகி, அவர் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்தவள் நான். அன்றிலிருந்து வீட்டில் நான்தான் போலீஸ்.

பாகான் டத்தோவில் தம்பி ஒரு சம்பான் படகை வாடகைக்கு எடுத்திருந்தான். ஆறு கடலில் சேரும் இடத்தைத் தாண்டி, கரை தெரிகிற தூரத்திலேயே நங்கூரம் போட்டோம். பாழாய்ப்போன வெயில்! உட்கார்ந்திருந்த பலகையே சுட்டது. அப்பாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. தூண்டிலில் இறால் துண்டைக் கோத்து வீசி, கெலாமா மீனாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்று!

உச்சிவேளைக்கு முன்பே போத்தல் காலி.

"இன்னும் கொஞ்சம் குடும்மா. நாக்கு ஒட்டுது."

"முடிஞ்சிருச்சுப்பா. இனி வீட்டுக்குப் போய்த்தான்."

"வாய நனைச்சுக்கறேனே."

"சொன்னா கேக்க மாட்டீங்களா? மூச்சு முட்டுனா யாரு பாக்கறது?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் தொண்டை எனக்கும்தான் காய்ந்தது. அவர் தூண்டிலில் கவனமாக இருந்த நேரம் பார்த்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, என் போத்தலை எடுத்து மடக் மடக்கென்று குடித்தேன். ஜில்லென்று இறங்கியது.

திரும்பிப் பார்த்தால், அப்பா மீன் போட்டிருந்த ஐஸ் பெட்டியின் மேல் குனிந்திருக்கிறார். ஒரு கன்னம் உப்பியிருந்தது. உதட்டோரத்தில் ஒரு செதில்.

"துப்புங்கப்பா! மீன் ரத்தம் பட்ட ஐஸு, அசிங்கமா இல்ல?"

நான் போட்ட கத்தலில் பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"விடுக்கா, ஒரு துண்டு ஐஸ்தானே லா," என்றான் தம்பி.

"நீ வாய மூடு. ஆஸ்பத்திரிக்கு ஓடறது நீயா, நானா?"

அப்பா ஐஸைக் கையில் துப்பி, கடலில் போட்டார். தூண்டிலையும் சுருட்டி வைத்துவிட்டார்.

வாய் உலர்ந்தால் அவ்வப்போது ஒரு சின்ன ஐஸ் துண்டு கொடுங்கள் என்று நர்ஸே சொல்லியிருந்தார். ஒரு டப்பாவில் சுத்தமான ஐஸ் எடுத்து வந்திருக்கலாம். பாவி, மீனுக்கு ஐஸ் வாங்கத்தான் எனக்கு ஞாபகம் இருந்தது.

திரும்பும்போது தம்பி காரை ஓட்டினான். பின்னால் என் பக்கத்தில் அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, போத்தல் மூடியை மெதுவாகத் திருகினேன்.

"திரும்பிக்க வேணாம்மா," என்றார் கண்ணைத் திறக்காமலே. "படகுலயும் மூடி தெறக்கற சத்தம் கேட்டுச்சு. என் முன்னாடியே குடி. நான் பாத்துக்கிட்டாவது இருக்கேன்."

அவர் கேட்ட அந்த ஒன்றையும் என்னால் இன்றுவரை கொடுக்க முடியவில்லை. வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் தண்ணீர் குடிக்கிறேன்.