உள்ளே போட்ட தையல்

காஜா அக்கா என்றால்தான் தெருவில் தெரியும். அவள் காஜா எடுத்த சட்டையில் துணி கிழிந்தாலும் பட்டன் துளை கிழியாது. துணி வெட்டுவது அவள் புருஷன், கட்டிங் மாஸ்டர். இருபத்தாறு வருஷமாக அவர் வெட்ட, இவள் தைக்க, நடுவில் இருவரும் ஓயாமல் சண்டை போட, கடை நன்றாகவே ஓடியது. யார் தைத்த சட்டையானாலும் உள்புறம் புரட்டிப் பார்க்காமல் நல்லது என்று சொல்லமாட்டாள். அவ்வளவு கறார்.

மாஸ்டருக்குக் குடலில் அடைப்பு வந்து, ஆபரேஷனில் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்துத் தைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் காலை, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கடைக்கு வந்து உட்கார்ந்தார். பத்து மணிக்குக் கத்தரிக்கோல் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. என்னவோ சொன்னார், ஒன்றும் விளங்கவில்லை. வலது கை துவண்டு தொங்கியது. அவள் அப்படியே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு டாக்டரம்மா வந்தாள். சின்னப் பெண்தான்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கும்மா. கரைக்க ஊசி இருக்கு. சீக்கிரம் போட்டா கையும் பேச்சும் திரும்ப வாய்ப்பிருக்கு. சமீபத்துல ஆபரேஷன் ஏதாவது?"

"குடல்ல ஆச்சு டாக்டர், பன்னெண்டு நாளாச்சு. அதைப் பத்திக் கவலையே இல்ல. தையலை நானே பார்த்தேன். ஒரு இழை விலகல."

டாக்டர் முகம் மாறியது. "அம்மா, நீங்க பார்த்தது மேல் தையல். குடல்ல போட்டது உள்ள இருக்கு. இந்த ஊசிக்கு இடம் பார்க்கத் தெரியாது. அங்க புண்ணை அடைச்சு உறைஞ்சிருக்கிற ரத்தத்தையும் கரைச்சிடலாம்."

ஊர்ச் சட்டையெல்லாம் புரட்டிப் பார்க்கிறவளுக்கு இது உறைக்கவில்லையே!

குடல் ஆபரேஷன் செய்த சர்ஜனிடம் பேசிவிட்டு டாக்டர் திரும்பினாள். "போட்டா உள்ள ரத்தம் கசியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். போடலைன்னா கையும் பேச்சும் போயிடும்னு பயப்படுறோம். குழாய் விட்டுக் கட்டியை எடுக்கலாம்னா, இவருக்கு அடைச்ச இடம் அதுக்கு எட்டாது. போடலாம்னுதான் எங்க ரெண்டு பேருக்கும் தோணுது. நீங்க சொல்லணும்."

உங்க அப்பாவா இருந்தா என்ன செய்வீங்க என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

ஊசி போட்டார்கள். சாயங்காலம் மாஸ்டரின் வலது கை விரல் அசைந்தது. "ஏய் காஜா, பள்ளிக்கூடச் சட்டை வெட்டி முடியலையே" என்றார் குழறலாக.

"கடை எங்கயும் ஓடிடாது, வாயை மூடுங்க" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு, ஐயோ, பேசட்டுமே என்று அழுதாள்.

மறுநாள் காலை அவர் வயிறு வீங்கிக் கல்லாக இருந்தது. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. உள்ளே கசிகிறது, திறந்தாக வேண்டும் என்றார் சர்ஜன். நான்தானே கையெழுத்துப் போட்டேன், நான்தானே என்று ஸ்ட்ரெச்சரோடு ஓடினாள். ஆபரேஷன் தியேட்டர் கதவு வந்தது. இதற்கு மேல் வரக்கூடாது என்றார்கள். அவர் விடவில்லை. அந்த வலது கை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. ஒவ்வொரு விரலாக அவளேதான் பிரித்துவிட வேண்டியிருந்தது.