யூனியன்வில்லில் இரண்டாவது இரவு

அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது தங்கப் போவதென்றால் எனக்கு இன்றைக்கும் தலையிடிதான். அந்தத் தலையிடி தொடங்கியது யூனியன்வில்லில்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் வோபர்னில் ஓர் அப்பார்ட்மென்டில் இருந்தோம். அப்பாவின் ஃபாக்டரியில் நடந்த கிறிஸ்துமஸ் சீட்டிழுப்பில் அவருக்கு ஒரு பரிசு விழுந்தது. யூனியன்வில்லில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு வீட்டில் இரண்டு இரவு தங்கலாம், காலைச் சாப்பாடும் தருவார்கள். காரில் அரை மணி நேரம்கூட எடுக்காத இடத்துக்குப் போய் எதற்குப் படுக்க வேண்டும் என்று அம்மா கேட்டார். அம்மாவுக்கு விமான நிலையத்தடி ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்கும் வேலை. யார் யாரோ படுத்தெழும்பிய கட்டில்களை நாள் முழுக்க விரித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்.

“இஞ்சரும், ரெண்டு நாளைக்கு நீர் ஒண்டும் செய்யக்கூடாது. நீர் படுத்த கட்டிலை வேறை ஆரும் விரிக்கட்டும். அதை நான் பாக்கோணும்,” என்றார் அப்பா. அவர் எதற்கும் பிடிவாதம் பிடிக்கிற ஆளில்லை. இதில் மட்டும் விடவில்லை.

எனக்குப் பத்து வயது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் ஏரிக்கரை விடுமுறை வீடுகளில் தங்கியதாக அளக்கும் கொட்டேஜ் கதைகளைக் கேட்டுக் காது புளித்திருந்தது. இரண்டு இரவு என்றால் திங்கட்கிழமை நானும் நன்றாக அளக்கலாம்.

வெறுங்கையோடு ஒருவர் வீட்டுக்குப் போவதா என்று அம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார். வாடகைக்கு அறை விடுகிற வீட்டுக்கு எதற்கு வாழைப்பழம் என்று நான் கேட்டதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்காரப் பெண்மணி நரைத்த தலையோடு தனியாக இருந்தார். மணிக்கூடு, அடுப்பு, மாடிப்படி எல்லாம் தன் பூட்டனார் காலத்தவை என்று காட்டிக்கொண்டு, படிக்குப் படி நின்று மேலே கூட்டிப்போனார். வாழைப்பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார். மாடி அறையில் அம்மா விரிப்புக் கசங்காமல் கட்டிலின் ஓரமாகப் படுத்தார்.

விடிய நான் கண்விழித்ததே எனக்குக் கீழிருந்து யாரோ விரிப்பை உருவியபோதுதான். அம்மா குளித்து, குளியலறையைத் துடைத்து, கட்டில்களை வெறுமையாக்கி, விரிப்புகளையும் தலையணை உறைகளையும் மடித்துக் கதவடியில் அடுக்கியிருந்தார். காரில் பனி வழிக்கப் போயிருந்த அப்பா வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“என்னப்பா செய்யிறீர்? இன்னும் ஒரு இரவு கிடக்கெல்லோ.”

“அந்த மனுசி மேலை ஏறி வந்து கழட்டோணுமே. அதுதான்,” என்றார் அம்மா.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரப் பெண்மணி தேநீரோடு வந்தார். மடித்து அடுக்கியதைக் கண்டதும் அவர் முகம் வாடிவிட்டது. இன்றைக்கே புறப்படுகிறீர்களா, ஏதும் குறையா என்று கேட்டார். குறை என்று மட்டும் நினைத்துவிடக்கூடாதே என்ற பதற்றத்தில் அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாம் அருமை, மிக்க நன்றி என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அதை அந்தப் பெண்மணி விடைபெறுவதாக எடுத்துக்கொண்டு, எங்கள் கோட்டுகளை எடுத்துவந்து நீட்டினார். கோட்டுகளைக் கண்ட அப்பா, எங்களைப் போகச் சொல்கிறார் என்று நினைத்தார்.

எனக்கு இரண்டு பக்கமும் விளங்கியது. வாயைத் திறந்தேன்.

“பெரியாக்கள் கதைக்கேக்கை குறுக்கை வராதை,” என்றார் அம்மா.

காலைச் சாப்பாட்டைக்கூடப் பையில் கட்டித் தந்துவிட்டார் அந்த மனுஷி. காரில் ஏறியதும் நான் அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினேன். அவர் எங்களைப் போகச் சொல்லவேயில்லை, நாங்களாகத்தான் வந்துவிட்டோம் என்றேன். அப்பா காரை ஓரங்கட்டினார்.

“திரும்பிப் போவமோ?” என்று அம்மாவைக் கேட்டார்.

“வேண்டாம். நாங்கள் இன்னொருக்காப் படுத்தா அவ இன்னொருக்கா விரிக்கோணும். அந்த மனுசிக்கு நாரி நோ.”

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுப் பக்கம் காரை எடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்மணி தன் இடுப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஆங்கிலம் தெரிந்த எனக்கே தெரியாதது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் போக மனமில்லாமல் சும்மா சாட்டுச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்தச் சாட்டை அப்பா மறுபேச்சில்லாமல் ஏன் நம்பினார் என்பதுதான் வோபர்ன் வந்து சேரும்வரை எனக்கு விளங்கவேயில்லை.