மன்னி மாட்டிய வடிகுழாய்

பித்தளைக் குழாயின் கழுத்து முறிந்து என் கையோடு வந்த அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். பம்பாய் மாட்டுங்காவில் அண்ணா, மன்னியோடு தங்கி டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். குளியலறை வாஷ்பேசினில் தலைமுடி அடைத்துக்கொண்டது. இரும்புக் கம்பியை விட்டு ஓங்கிக் குத்தினேன். பச்சை பூத்து இற்றுப்போயிருந்த வடிகுழாய் முறிந்தது. தேங்கியிருந்த தண்ணீர் தரையில் கொட்டி, விரிசல் வழியே கீழ்வீட்டுக்குள் இறங்கியது.

கீழ்வீட்டு மாமி மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். “வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பியாச்சு. நாளைக்குக் காலம்பற அவரோட ஆள் வந்து பார்ப்பான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். இன்னொரு தடவை ஒழுகினால் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று வீட்டுக்காரர் முன்பே எழுதியிருந்தார். அந்த நாளில் பம்பாயில் வேறு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அண்ணாவோ ஆபீஸ் வேலையாக நாக்பூர் போயிருந்தார். பிளம்பர் நாலு நாள் கழித்துத்தான் வரமுடியும் என்றான். நான் அழ ஆரம்பித்தேன்.

மன்னிக்கு என்னைவிட ஆறு வயதுதான் கூடுதல். உடைந்த துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அழுதா ஒழுகறது நின்னுடுமாடி? புடவையை மாத்திண்டு வா, கடைக்குப் போலாம்” என்றாள்.

சயான் பக்கத்து இரும்புக் கடைக்காரர் அதே அளவில் புதிய வடிகுழாய் எடுத்துக் கொடுத்தார். எதற்குப் பின் எதை மாட்டுவது என்று மன்னி தன் அரைகுறை ஹிந்தியில் கேட்டாள். இரண்டு தடவை சொல்லவைத்து, மூன்றாவது தடவை தானே ஒப்பித்தாள். மரையை ரொம்ப முறுக்கினால் பீங்கான் விரிந்துவிடும் என்று எச்சரித்து, அவர் தன் ஸ்பேனரையும் இரவல் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மன்னி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்து, முறிந்த குழாயின் மிச்சத்தைக் கழற்றினாள். ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த, இடுக்கை அடைக்கும் மக்கைத் திரியாக உருட்டி, புதுக் குழாயின் விளிம்புக்கடியில் நான் சுற்றினேன். அதைத் துளையில் இறக்கி, சுழலாமல் மேலே பிடித்துக்கொண்டேன். கீழே அவள் ரப்பர் வளையத்தை ஏற்றி மரையை முறுக்கினாள். அடிக்குழாய் சேருமிடத்தில் சணல் நூலைச் சுற்றி வெள்ளைப் பசை தடவினாள். பேசினை நிரப்பித் திறந்துவிட்டோம். அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

மன்னி சலித்துக்கொள்ளக்கூட இல்லை. “பழைய மக்கை நான் சரியாச் சுரண்டலை. தப்பு என்னோடதுதான்” என்றபடி எல்லாவற்றையும் கழற்றினாள். துளையைச் சுற்றிக் கத்தி முனையால் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். இன்று போன் செய்தால் வீட்டுக்கு ஆள் வருகிறான். ஆனாலும் செய்த வேலையை முகம் கோணாமல் தானே பிரித்துப்போடும் மனுஷியை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை.

இரண்டாம் தடவை செய்தித்தாள் நனையவில்லை. மன்னிக்கு அதுவும் போதவில்லை. நேரே கீழ்வீட்டுக்குப் போனாள். “மாமி, செத்த நாழி உங்காத்துலே உட்கார்ந்துக்கறேன். மேலே அவ தண்ணி விடுவா. ஒரு சொட்டு விழுந்தாலும் என் தலையிலே விழட்டும்” என்றாளாம். நான் மேலே பேசினை நிரப்பி நிரப்பித் திறந்துவிட்டேன். கீழே மன்னி கூரையைப் பார்த்தபடி, காலையில் ஒழுகிய ஈரக் கறைக்கு நேர் அடியில் உட்கார்ந்திருந்தாள். அரைமணி கழித்து இறங்கிப் போனபோது, மாமியும் பக்கத்தில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவர் கையிலும் காபி டம்ளர்.

மறுநாள் வந்த வீட்டுக்காரரின் ஆள் குழாயைத் தடவி, விரலில் ஈரம் இல்லை என்று பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அந்த வாரக் கடைசியில் அண்ணா திரும்பினார். முகம் கழுவியவர் குனிந்து பார்த்து, “புதுசா மாட்டியிருக்கே! நன்னாப் பண்ணியிருக்கான். இனிமே எதுன்னாலும் இவனையே கூப்பிடு” என்றார்.

மன்னி துண்டை நீட்டினாள். “கூப்பிட்டா வருவான்” என்றாள்.