அஞ்சலையிடம் நான் சொன்ன ‘நார்மல்’

ஒரு பெண்ணின் நோயைத் தெரிந்தே மறைத்தேன். அதனால் அவள் ஒரு காலை இழந்தாள்.

உச்சுக் கொட்டாதே! உன் இரக்கம் எனக்கு வேண்டாம். ‘படித்தவள் இப்படிச் செய்வாளா’ என்று வாயைப் பிளக்கவும் வேண்டாம். படித்ததால்தான் செய்தேன்.

வயிற்றுக் கொழுப்புதான் என் ஆய்வு. கொழுப்பென்றால் சும்மா தொங்கும் சதை என்று நினைக்கிறாய் அல்லவா? அது உயிருள்ள திசு. அதில் அழற்சி மூண்டால் உடம்பு முழுக்கக் கெடும், இன்சுலின் வேலை செய்யாது, சர்க்கரை ஏறும். ஒல்லியானவர்களுக்கும் இது நேரும் என்று நிறுவ வேண்டும், அதுதான் என் ஆசை... ஆசை என்ன ஆசை, வெறி!

அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து ஆய்வுக்கு வந்தாள் அஞ்சலை. கிரிவலப் பாதையில் இளநீர் விற்பவள். ஒட்டிய கன்னம், எலும்பெடுத்த தோள். வேங்கிக்காலில் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்தில் மருத்துவர் அவள் வயிற்றிலிருந்து ஊசியால் கொஞ்சம் கொழுப்பை எடுத்தார். ரத்தமும் எடுத்தோம்.

முடிவு என் கைக்குத்தான் வந்தது. சர்க்கரை எக்கச்சக்கம். அழற்சியோ, வந்தவர்கள் அத்தனை பேரிலும் அவளுக்குத்தான் அதிகம். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். பதறிப்போய் என்றா நினைக்கிறாய்? மகிழ்ச்சியில்!

மூன்று மாதம் கழித்து அவளிடம் மறுபடி கொழுப்பு எடுக்க வேண்டும். சர்க்கரை தெரிந்தால் உடனே சொல்லி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த விதியில் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். ஆனால் மருந்து தொடங்கினால் அழற்சி தணிந்துவிடுமே... என் ஆய்வுக்கு அவள் பயன்பட மாட்டாளே!

“மேடம், என் ரிப்போர்ட் வந்துட்ச்சா? எங்கம்மா சக்கரைலதான் போய்ட்டாங்க. எனக்கும் இருக்குமோனு ஒரே பயமா இருக்குது.”

“நார்மல்மா. ஒண்ணும் இல்ல.”

கையெடுத்துக் கும்பிட்டாள். “அண்ணாமலையாரே! ஒண்ணும் இல்லனா மூணு பௌர்ணமி, பகல் வெயில்ல, வெறுங்கால்ல மலை சுத்தி வரேன்னு வேண்டிக்கினேன் மேடம். இந்தச் சித்திரையிலயே ஆரம்பிச்சிடறேன்.”

சர்க்கரை முற்றியவர்களுக்குப் பாதம் மரத்துப்போகும், சுட்டாலும் உறைக்காது. இது எனக்குத் தெரியாதா? சித்திரை வெயிலில் அந்தத் தார் ரோடு எப்படிக் கொதிக்கும் என்று தெரியாதா? எல்லாம் தெரியும்!

“நல்லபடியா போய்ட்டு வாங்க” என்றேன்.

மூன்று மாதம் கழித்துச் சொன்ன நாளில் வந்து நின்றாள். பாதத்தில் பழைய துணிக் கட்டு.

“மூணாவது சுத்துல கொப்புளம் ஒடஞ்சிட்ச்சு. ஆனா வலியே இல்ல மேடம்!”

துணியை விலக்கினேன். அழுகல் நாற்றம் அடித்தது. உடனே அனுப்பினேனா? இல்லை. துணியை மறுபடி சுற்றிவிட்டு, மருத்துவரிடம் அதைப் பற்றி மூச்சு விடாமல், முதலில் கொழுப்பை எடுக்க வைத்தேன். அதன் பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இப்போதாவது திட்டேன்... ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய்?

கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

என் கட்டுரை வெளிவந்தது. வரைபடத்தின் உச்சியில் தனியாக ஒரு புள்ளி. அதைக் காட்டிப் பேசினேன், அரங்கமே கைதட்டியது. தட்டிய கைகளையெல்லாம் முறித்துப் போடலாம் போலிருந்தது எனக்கு. ஆனாலும் சிரித்தேன், வணக்கம் சொன்னேன். அந்தப் புள்ளிதான் அஞ்சலை.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன், சத்தியமாக! அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி மகளைக் கூப்பிட்டு எனக்கு நாற்காலி போடச் சொன்னாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்தாள்.

“நீங்க இன்னா பண்ணுவீங்க மேடம்? நீங்க பாத்தப்ப ஒண்ணும் இல்ல. அப்புறமா வந்துருக்குது. நான்தான் புத்திகெட்டுப் போய் செருப்பு போடாம நடந்துட்டேன். தப்பு எம்மேலதான்.”

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். ஒரே ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனி வரை வந்தது...

“ஆமாம்மா” என்றேன். “செருப்பு போட்டிருக்கணும்.”

அவள் தலை குனிந்துகொண்டாள்.