பொட்டு வைத்த தட்டுகள்

பரிசளிப்பு நாளன்று மேடையில் இருந்தவர்கள் தலைமையாசிரியை, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், மாவட்டத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி, சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், பின்வரிசையில் நான். கண்ணாடிக் கேடயத்தைப் பிள்ளைகள் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அன்று எடுத்த படத்தில் எல்லாரும் இருக்கிறோம். இல்லாதவர் ஒருவர்தான். அந்த நேரத்தில் அவர் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து, அதிகாரியும் உடன் வந்தவர்களும் பசியாறிய தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து அந்தக் குழாயடிக்கு ஐம்பதடிகூட இருக்காது. யாராவது போய்க் கூப்பிட்டிருக்கலாம். நான் போயிருக்கலாம். படம் எடுத்து முடியட்டும் என்று நின்றேன். அதற்குள் கேக் வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.

அவரை எல்லாரும் கெண்டீன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளி நியாலாஸ் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. தொண்ணூறு சொச்சம் பிள்ளைகள். சிற்றுண்டிச்சாலையை அக்கா பதினோரு வருடங்களாகக் குத்தகைக்கு நடத்தி வந்தார். குத்தகை மூன்று வருடத்துக்கு ஒருமுறை முடியும். வேண்டியவர்கள் மாத வாடகை இத்தனை வெள்ளி தருகிறேன் என்று எழுதி, உறையை ஒட்டிக் கொடுக்க வேண்டும். யார் கூடுதலாக எழுதுகிறாரோ அவருக்குப் போகும். அக்காவின் கணவர் லாரியில் செம்பனைக் குலை ஏற்றும்போது முதுகு பிசகி வீட்டோடு ஆகிவிட்டவர். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அந்தக் குடும்பம் சாப்பிட்டது பிள்ளைகளுக்கு அக்கா விற்ற நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றிலும் மீகூன் சேமியாவிலும்தான். இதெல்லாம் எனக்கு முதல் வாரத்திலேயே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

நான் செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா குலை வெட்டினார், அம்மா உரம் போட்டார். எங்கள் வீட்டில் ஆறாம் ஆண்டுப் படிப்பைத் தாண்டியவன் நான்தான். பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா இரவல் நகை போட்டுக்கொண்டு வந்தார். வேலை கிடைத்தது தெங்கேராவில், ஒரு கடையின் மாடியில் இயங்கிய சிறிய அமைப்பில். பள்ளிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் போய், குப்பையைக் குறைக்க, மழைநீர் பிடிக்க, உரம் தயாரிக்க ஊக்கப்படுத்த வேண்டும். வேலையைப் பற்றி விளக்கிச் சொன்னபோது அம்மா கேட்டார், “குப்பையப் பத்திப் பேசவாடா அவ்வளவு படிச்சே? நான் படிக்காமலே அள்ளிக்கிட்டுதான இருக்கேன்.” அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்தைத் திருத்தக் கிளம்பியவனுக்கு அந்த வயதில் எளிதில் சிரிப்பு வராது.

அக்காவிடம் முதலில் பேசப் போனபோது அவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். நான் மடிக்கணினியைத் திறந்து, செத்துப்போன ஆமையின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக்கை எடுக்கும் படத்தைக் காட்டினேன்.

“ஐயோ பாவம்” என்றார் அக்கா. “ஆனா தம்பி, நம்ம நியாலாஸ்ல ஏது லா கடலு?”

நான் படத்தை மூடிவிட்டு, இங்கே பொட்டலம் மடிக்கிற காகிதமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன்.

“பின்னாடி போட்டு எரிக்கிறோம். மழை பேஞ்சா எரியாது, அடிச்சிக்கிட்டுப் போயி லோங்காங்குல தண்ணி ஓடாம அடைச்சிக்கும். அப்புறம் கொசு. இந்த வருசம் மூணு புள்ளைங்களுக்கு டெங்கி.” கத்தி நிற்கவே இல்லை. “இத மொதல்ல சொல்லியிருந்தீன்னா அந்த ஆமைய இழுத்துருக்க வேணாம். சரி, தட்டு வாங்கிப் போடச் சொல்லு. நான் கழுவுறேன்.”

முழுத் திட்டமும் அந்த இரண்டு வார்த்தைதான். ‘நான் கழுவுறேன்.’ அறிக்கையில் நான் அதை, ‘சிற்றுண்டிச்சாலை நடத்துநர் ஒத்துழைப்பு வழங்க இசைந்தார்’ என்று எழுதினேன். பெற்றோரிடம் வீட்டுக்கு இரண்டு எவர்சில்வர் தட்டு கேட்டு வாங்கினோம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வந்த தட்டுகள், விளிம்பில் யார் யாருடைய பெயரோ பொறித்தவை. அடுத்த வாரமே குப்பைத்தொட்டி பாதிதான் நிறைந்தது. நான் வெள்ளிக்கிழமைதோறும் தராசோடு போய்க் குப்பையை நிறுத்து எழுதிக்கொண்டேன்.

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. புரட்டாசி பிறந்தது. ஒரு நாள் இடைவேளை நேரத்தில், மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியின் தாயார் மோட்டார் சைக்கிளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் சிற்றுண்டிச்சாலைக்குள் வந்தார். நான் தராசோடு ஓரத்தில் நின்றிருந்தேன்.

“அக்கா, நேத்து இந்தத் தட்டுல என்னா போட்டீங்க?”

“நேத்தா? நாசி லெமாக்.”

“நெத்திலி சம்பலோடயா?”

“நெத்திலி இல்லாட்டி அது வெறும் சோறு லா, தங்கச்சி.”

“எம்புள்ள பெருமாளுக்கு வெரதம். மாசம் முழுக்க எங்க வீட்டுல ஒரு கரண்டிகூட மாத்திப் பொழங்க மாட்டோம். இங்க நெத்திலி பட்ட தட்டுல திங்கிறா!”

“நல்லா சோப்புப் போட்டுக் கழுவித்தான் வைக்கிறோம்.”

“கழுவினா ஆச்சா? உங்க வீட்டுல புரட்டாசிக்குச் சட்டி மாத்த மாட்டீங்களா?”

அக்கா வீட்டிலும் மாற்றுவார்கள். எங்கள் வீட்டிலும் மாற்றுவார்கள். மீன்சட்டியைக் கோணியில் சுற்றி, கோழிக்கூண்டுக்கு மேலே ஏற்றிவிட்டுத்தான் அம்மா புரட்டாசியைத் தொடங்குவார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். காகிதத்தில் மடித்துக் கொடுத்த காலத்தில், நேற்று அதில் என்ன இருந்தது என்று கேட்க இடமே இல்லை, தின்றார்கள், எறிந்தார்கள். பொதுத்தட்டு வந்ததும் அந்தக் கேள்வியும் கூடவே வந்துவிட்டது. எங்கள் அமைப்புக்கு எங்கிருந்தோ வந்த வழிகாட்டிக் கையேட்டில் புரட்டாசிக்கு இடமில்லை. அதை எழுதியவர்களுக்குத் தெரியாது என்றால் ஒத்துக்கொள்ளலாம். எனக்கு எப்படித் தெரியாமல் போனது? படிக்கப் போன இடத்தில் எதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வந்தேன் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன்.

அந்த வாரத்துக்குள் பாதிப் பிள்ளைகள் எதிர்க்கடையில் வாங்கிய போலிஸ்டரீன் பெட்டியோடு வரத் தொடங்கினார்கள். தொட்டி மறுபடி வழிந்தது. தட்டுகள் சுத்தமானவை என்று பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம் என்றேன்.

“சும்மா இரு தம்பி” என்றார் அக்கா. “சுத்தம்னு லெட்டர் போட்டா, ஒனக்கு ஒண்ணும் தெரியலன்னு அவங்களச் சொன்ன மாரி ஆயிடும். யாரு ஒத்துக்குவா?”

மறுநாள் அவர் மகளின் சிவப்பு நகப்பூச்சைக் கொண்டுவந்தார். பாதித் தட்டுகளைக் கவிழ்த்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பொட்டு வைத்தார். பொட்டு வைத்தவை சைவத்துக்கு மட்டும். அவற்றுக்குத் தனி அலமாரி, தனிப் பஞ்சு, சிவப்புப் பேசின். மற்றதற்கு நீலப் பேசின். முதல் நாள் அந்தத் தாயாரையே வரச் சொல்லி, பேசின்களைக் காட்டி, ஒரு தட்டில் உப்புமா வைத்து அவர் கையிலேயே கொடுத்தார். அவர் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு பெட்டிகள் வரவில்லை. பிள்ளைகள் அவற்றுக்குப் பொட்டுத் தட்டு என்று பேர் வைத்து, விரதம் இல்லாதவர்களும் அதுதான் வேண்டுமென்று அடம்பிடித்தார்கள். புரட்டாசி போய்க் கந்தசஷ்டி வந்தது, பிறகு தைப்பூசம். எல்லா மாதமும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு விரதம் இருந்தார்கள். தேய்த்துத் தேய்த்துப் பொட்டு அழிந்துபோகும். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து திரும்ப வைப்பார்.

பள்ளியைச் சுற்றுச்சூழல் போட்டிக்கு அனுப்பியிருந்தோம்; பார்க்க வந்த மதிப்பீட்டாளர்களுக்கு மிகவும் பிடித்தது இந்தப் பொட்டுத்தான். ‘உள்ளூர்ப் பண்பாட்டோடு இணைந்த தீர்வு’ என்று குறித்துக்கொண்டார்கள். அது எத்தனை கழுவல் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு வகைத் தட்டையும் கலக்காமல், இரண்டு பேசினையும் தனித்தனியாக மூன்று தடவை நீர் மாற்றி அலச வேண்டும். அக்கா தன் நாத்தனாரைக் கழுவக் கூட்டி வந்தார். பொட்டலக் காகிதத்தில் மிச்சமானது அந்தக் கூலிக்குச் சரியாகப் போயிற்று. அக்காவின் விரலிடுக்குகள் வெளுத்து வெடித்திருந்தன. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே பேசுவார்.

அப்படி ஒரு மதியம்தான் அந்தத் தண்ணீர் ரசீதைக் காட்டினார். சிற்றுண்டிச்சாலைக்குத் தனி மீட்டர், கட்டணம் குத்தகைக்காரருடையது.

“தம்பி, நான் கூலி கேக்கல. இந்தத் தண்ணிக் காசு ஏறினத மட்டும் ஸ்கூல் பாத்துக்குமான்னு எச்.எம். டீச்சர்கிட்ட ஒரு வார்த்த போடுறியா? நான் போயி சொன்னா பொலம்பற மாரி இருக்கும். நீ படிச்சவன். நீ சொன்னா வேற மாரி கேப்பாங்க.”

“சொல்றேன்கா” என்றேன்.

சொல்லவில்லை. போட்டிப் படிவத்தில் நீர்ச் சேமிப்புக்கு ஒரு பத்தி உண்டு. நாங்கள் வைத்த மழைநீர்த் தொட்டியால் பள்ளியின் மீட்டர் இறங்கியிருந்தது; அந்த ரசீதைத்தான் இணைத்திருந்தேன். சிற்றுண்டிச்சாலையின் மீட்டரை யாரும் கேட்கவில்லை, கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது. பேச்சை எடுத்தால் அது ஏறியிருப்பது வெளியே வரும். முடிவு வரட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளினேன். தலைமையாசிரியை கெட்டவர் அல்லர். கேட்டிருந்தால் செய்திருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன். அப்படி நினைப்பதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

“கேட்டியா தம்பி?” என்று அக்கா இன்னொரு தடவை கேட்டார்.

“பரிசு முடியட்டும்கா.”

“ஆங், அதுவும் சரிதான்” என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பரிசு முடிந்தது. எனக்கு வேறு நான்கு பள்ளிகள் கொடுத்தார்கள். நான் மோட்டார் சைக்கிளில் அதே ஆமைப் படத்தோடு அலைந்துகொண்டிருந்த மாதங்களில் அக்காவின் குத்தகை முடிந்தது. வேறொரு பெண்மணி எடுத்துக்கொண்டார் என்று தொலைபேசியில் தலைமையாசிரியைதான் சொன்னார். “உறையப் பிரிச்சா கூடுதலா எழுதினவங்களுக்குத்தான் கொடுக்கணும் சார். நான் ஒண்ணும் பண்ண முடியல.” குரல் இறங்கியிருந்தது. பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் மெழுகுக் காகிதத்தில் தின்றுகொண்டிருந்தார்கள். புதியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கழுவ ஆள் இல்லை என்றார், உண்மைதானே.

இந்த வேலையை நான் விடவில்லை. விட்டால் என்ன செய்வது என்று தெரியாததும் ஒரு காரணம். வடிகால் அடைப்பதும் கொசு வருவதும் நின்றுவிடவில்லை, அதுவும் ஒரு காரணம். இப்போதெல்லாம் எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதல் கூட்டத்திலேயே, யார் கழுவப் போகிறார்கள், தண்ணீர் யார் கணக்கில் என்று கேட்டுவிடுகிறேன். கேட்டதும் கூட்டம் தன் கைகளைப் பார்க்கத் தொடங்கிவிடும். சில பள்ளிகள் உட்கார்ந்து பேசி, செலவை எழுத்தில் ஏற்றுக்கொள்கின்றன. சில பள்ளிகள் மறுபடி கூப்பிடுவதில்லை. நான் முன்பைவிடக் குறைவான இடங்களில்தான் வெற்றி பெறுகிறேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுச் சோறு போடுகிறார்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, செலண்டார் பாசாரில் அக்காவைப் பார்த்தேன். மடக்கு மேசை போட்டுத் தோசைமாவு விற்றுக்கொண்டிருந்தார். ஒதுங்கிப் போய்விடலாமா என்று ஒரு கணம் கால் தயங்கியது. அதற்குள் அவரே பார்த்துவிட்டார்.

“வா வா. எல்லாம் பிளாஸ்டிக் பைதான், பாத்துக்க. ரிப்போட்டுல எழுதிடாத லா!”

இரண்டு பை வாங்கினேன். விரல்கள் ஆறியிருந்தன. மகள் படிப்பை ஒரு வருடம் நிறுத்திவைத்துவிட்டு ஜாசினில் வேலைக்குப் போகிறாள், அடுத்த வருடம் தொடருவாள் என்றார். நான் அன்று தலைமையாசிரியையிடம் பேசவே இல்லை என்பதை அப்போதுதான் சொன்னேன். அக்கா மாவுப் பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

“தெரியும் தம்பி. கேட்டிருந்தா அவங்களே வந்து பேசியிருப்பாங்கள்ல.”

வாடகை எவ்வளவு எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“எப்பவும் கட்டுறதுலேர்ந்து அந்தத் தண்ணிக் காசு ஏறினதக் கழிச்சிட்டு எழுதினேன். வேற என்னா பண்றது, எனக்குக் கட்டுப்படியாகணுமே. வந்த அம்மா பழைய வாடகைய அப்படியே எழுதிட்டாங்க.”

“எவ்வளவுக்கா வித்தியாசம்?”

வாடிக்கையாளர் ஒருவருக்கு மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

“மாசத்துக்கு முப்பத்தஞ்சு வெள்ளி.”