முப்பது குண்டு முதுசம்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஸ்காபரோவில் எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டுச் சமையலறைத் தொட்டியின் அடைப்பெடுத்தது. குறடு தேடி அவருடைய பெட்டியைக் கிளறினேன். அடியில், துவாயில் சுற்றியபடி, முப்பது குண்டு கொள்ளும் துவக்கு மகசீன் ஒன்று கிடந்தது.

"உது தம்பிக்கு," என்றார், தொட்டிக்கடியில் படுத்தபடியே.

"தம்பியிட்ட துவக்கே இல்லையே."

"என்னட்டயும்தான் இல்லை."

அப்பா அருள்நாயகம், யாழ்ப்பாணத்திலிருந்து துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவர். கனடாவில் ஆசைப்பட்டு வாங்கிய முதற்பொருள் துவக்கு. மிசிசாகாவில் அவர் வேலைசெய்த பண்டகசாலையின் மேற்பார்வையாளர்கள் மான் வேட்டைக்குப் போவார்கள். அப்பாவும் அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு போனார். தடிமனோடும் தும்மலோடும் திரும்பினார். துவக்கை விற்றார், வாங்கியவன் வேண்டாமென்ற மகசீனை வைத்துக்கொண்டார்.

பிறகு சட்டம் மாறியது. ஐந்து குண்டுக்கு மேல் கொள்ளும் அந்த வகை மகசீனை வைத்திருப்பதே குற்றமானது. தம்பி திலக்சன் அதே வீட்டில் இருந்தான். அவனுடைய குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. ஒரு வழக்குப் போதும், அது கெட.

நான் இயந்திரப் பொறியியலாளர். "றிவெற் ஒண்டு அடிச்சா அஞ்சுக்கு மேல போகாது. சட்டத்துக்குச் சரி," என்றேன்.

"முதுசத்தில ஓட்டை போடுறதோ?"

"கடையில வாங்கினது எப்பிடியப்பா முதுசம்? முதுசமெண்டா பரம்பரையா வாறது. உது தேடிய தேட்டம்."

"எனக்குத் தேட்டம். அவனுக்குப் போகேக்க முதுசம்."

யாழ்ப்பாணத்துச் சொத்துச் சட்டமான தேசவழமை இதைவிடக் கேவலப்பட்டிருக்காது.

மரணசாதனம் எழுத அஜின்கோர்ட்டில் சட்டத்தரணி யோகராணியிடம் போனோம். வீடு, கார், மகசீன் என்று அப்பா வரிசையாகச் சொன்னார். யோகராணி பேனாவை மூடினார்.

"அங்கிள், உதை எழுதினா மகனுக்கு வீட்டோட வழக்கும் போகும்."

"அப்ப ஒரு ட்ரஸ்ட் போடுங்கோவன். கோயிலுக்கு எழுதுவம்."

"கோயிலுக்கு எழுதினா ஐயருக்கு விலங்கு. பொலிசுக்கு போன் பண்ணிச் சொல்லிப்போட்டுக் குடுங்கோ."

நிறைவேற்றுநராக என் பெயரைப் போட்டார்கள். மகசீன் கார் டிக்கிக்குப் போனது. அப்பா ஒவ்வொரு திங்களும் பொலிஸ் நிலையத்துக்குப் புறப்பட்டு, இடியப்பப் பார்சலோடு திரும்பினார். பார்க்கிங் இல்லையாம்.

"பொய் சொல்லாதேங்கோ அப்பா. அவ்வளவு பெரிய பார்க்கிங்."

அவர் பார்சலைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "பிள்ளை, உப்பிடியொரு சாமானோட பொலிசுக்குப் போனவன் ஆரும் திரும்பி வந்ததைக் கண்டிருக்கிறியே?"

இது ஸ்காபரோ என்றேன். ஓம் ஓம் என்றார். அந்தக் கிழமையே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். பொலிசுக்குத் தப்பிவிட்டார்.

செத்தவீடு முடிந்ததும் நான் போன் பண்ணினேன். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து எடுப்பதாக ஒரு அதிகாரி மரியாதையாகச் சொன்னார்.

"வியாழன் அப்பாவின்ர எட்டுச்செலவு," என்றார் அம்மா. "எட்டாம் நாள் படையலுக்குச் சனம் நிக்கேக்க வாசல்ல பொலிஸ் காரோ? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும்."

"அதுக்குள்ள தம்பிக்குக் குடியுரிமை இன்ரவியூ வருது, அம்மா."

அம்மா யோசித்தார். "அப்ப நாளைக்கே வரச் சொல்லு. தேத்தண்ணி போடுறன். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வரச் சொல்லு."

சொல்லிவிட்டேன். டிக்கியைத் திறந்து காட்டினால் போதும் என்றார் அதிகாரி. மகசீனுக்குப் பக்கத்தில் அப்பாவின் குளிர்ச் சப்பாத்துகள் கிடக்கும். அவருடைய கார்ச் சாவியை ஆஸ்பத்திரியில் என்னிடம்தான் தந்தார்கள். அவர் போனபிறகு அந்த டிக்கியை நான் இன்னும் திறக்கவில்லை.